வரிசையில் ஏறிய வலி

கரட்டுமேட்டுப் பெண்கள் புதுக் கல்யாண மண்டபத்துக்கு மூன்றாவது தளம் போட்ட அன்று, காலை பதினோரு மணி வாக்கில், வெள்ளத்தாயின் இடுப்பு வலி அவளை விட்டு இறங்கி, அவள் நீட்டிய காங்கிரீட் பாண்டுச் சட்டியோடு பஞ்சவர்ணத்தின் கைக்குப் போய், அங்கிருந்து சாரத்தில் படிக்கு ஒருத்தியாக நின்ற பெண்களின் உடம்பில் ஒரு மூச்சு நேரம் தங்கித் தங்கி ஏறி, ஒன்பதாவதாக நின்ற ஜெசிந்தாவையும் கடந்து, கடைசியில் தளத்தின் மேல் மட்டப்பலகை பிடித்து நின்ற வெள்ளத்தாயின் புருஷன் செல்லப்பாண்டிக் கொத்தனாரிடம் போய்ச் சேர்ந்தது. பாண்டை வாங்கியவன் அதைக் கொட்ட மறந்து, ஈரக் காங்கிரீட்டில் முழங்கால் புதைய உட்கார்ந்து, "யாத்தே, இடுப்புல யாரோ கடப்பாறைய விட்டு நெம்புறாங்க" என்றான்.

கீழே கலவை மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. தளம் போடும் நாளில் வரிசையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் முன்னால் கொட்டியது இறுகிவிடும், பின்னால் கொட்டுவது அதோடு ஒட்டாது, அந்த இடத்தில் காலத்துக்கும் மழைத்தண்ணீர் ஒழுகும். இடி விழுந்தாலும் பிள்ளை அழுதாலும் பாண்டு கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அந்த வேலையின் ஒரே சட்டம். அதனால் அதிசயப்பட அங்கே யாருக்கும் நேரமில்லை. செல்லப்பாண்டி பக்கத்தில் நின்ற ஆளிடம் "இந்தா" என்று பாண்டை நீட்டினான், வலியும் போனது. அவன் அடுத்தவனுக்கு "இந்தா" என்றான், அவன் அதற்கடுத்தவனுக்கு. மேலே நின்ற நாலு ஆண்களும் சேர்ந்து அதை வைத்திருந்தது, ஜெசிந்தா பிற்பாடு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தபடி, ஆறு நிமிஷம். ஏழாவது நிமிஷம், குடித்து முடித்த தண்ணீர்க் குடத்தைத் திருப்பித் தரும் சாக்கில், அதைப் பெண்கள் வரிசைக்கே இறக்கிவிட்டார்கள்.

குடத்தை வாங்கிய ஜெசிந்தா ஒரு கணம் கண்ணை மூடினாள். "ஓ, வெள்ளத்தாயக்கா நாலு வருசமா சொல்லிட்டிருந்தது இதுதானா" என்றாள். அதுவே அன்றைக்கு அவள் பேசிய கடைசிப் பேச்சு. கொடுப்பவள் "இந்தா" என்று சொல்லி, வாங்குபவள் "கொண்டா" என்று இரண்டு கையையும் நீட்டினால்தான் அது நகர்கிறது என்பதை அவள் மற்றவர்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டாள். வாயைத் திறந்தால் மேலே இருப்பவனுக்குப் போகும், அவன் பாண்டைத் தவறவிடுவான், வரிசை நின்றுவிடும். பேசாமல் ஐந்து நிமிஷம் இருக்கத் தெரியாதவள் என்று பேர் வாங்கிய ஜெசிந்தா, அந்த வலியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஆறு மணி வரை வாயை இறுக்கி மூடிப் பாண்டு கடத்தினாள். தளம் ஒழுகாது. போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கீழே ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் வெள்ளத்தாய், பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல, கையால் இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நாற்பத்து நாலு வயது. இருபத்து மூன்று வருஷமாகச் சித்தாள். அந்த நகரத்தில் எந்த மாடி வீட்டைக் காட்டிக் கேட்டாலும் அதற்கு எத்தனை படி என்று சொல்லிவிடுவாள், ஏனென்றால் அத்தனை படியையும் தலையில் பாண்டோடு ஏறியவள். பால் காய்ச்சிக் குடிபோன பிறகு அதில் ஒரு படியில்கூட ஏறச் சொல்லி யாரும் அவளை அழைத்ததில்லை. மற்றவர்கள் ஒரு பாண்டு தூக்குகிற நேரத்தில் ஒன்றரைப் பாண்டு தூக்குவாள். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. மாடியில் உட்கார்ந்து காற்று வாங்குகிறவர்கள் தங்கள் மாடியைப் பற்றிக் கர்வப்படலாம் என்றால், அதைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தவள் ஏன் படக்கூடாது?

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வலி இடது பக்க இடுப்பில் குடிவந்தது. பிறகு தொடையின் பின்பக்கமாக இறங்கிக் கெண்டைக்கால் வரைக்கும் பாய் விரித்துக்கொண்டது. சுளுக்கு எடுப்பவரிடம் போனாள், பெல்ட் கட்டினாள், மாத்திரை தின்று வயிறு புண்ணானாள். "வீட்டு வேலைன்னா மட்டும் ஒனக்கு இடுப்பு வந்துரும்" என்று செல்லப்பாண்டி சொன்னான். கடைசியில் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, வயதில் சின்னவள், சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துதும்மா. ஆப்பரேசன் பண்ணலாம், கொஞ்ச நாள் பண்ணாமலும் பாக்கலாம். வலி முழுசாப் போயிரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். ஆனா பாதம் தொங்க ஆரம்பிச்சா தள்ளிப் போடாதீங்க. எப்படியும் பாண்டு தூக்குறது இனிமே கிடையாது."

அந்தக் கடைசி வார்த்தைதான் வெள்ளத்தாயைக் குத்தியது. அதற்கு மேலே பயம் வேறு. பஞ்சவர்ணத்தின் அண்ணன் முதுகில் ஆப்பரேசன் பண்ணி ஏழு வருஷமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். கரட்டுமேட்டில் முதுகு, கத்தி என்ற இரண்டு வார்த்தைகளை யார் சேர்த்துச் சொன்னாலும் எல்லார் கண்ணும் தானாக அந்த வீட்டு ஜன்னல் பக்கம் போகும். பண்ணுவதா வேண்டாமா என்று இரண்டு மாதம் அவள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் வலி தானாகவே பாண்டில் ஏறிப் போயிற்று.

ஏன் போயிற்று என்று கரட்டுமேட்டில் யாரும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. இருபத்து மூன்று வருஷம் "இந்தா, இந்தா" என்று கொடுத்துப் பழகிய உடம்பு, ஒருநாள் வலியையும் கொடுக்கப் பழகிவிட்டது என்று பஞ்சவர்ணம் சொன்னாள், அது போதுமானதாக இருந்தது. வேறு பலரும் தங்கள் வலிகளை நகர்த்திப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் தன் பல்வலியை மச்சானிடம் "இந்தா" என்று நீட்டினார். மச்சான் "கொண்டா" என்று வாங்கினான். கையில் ஒன்றும் வரவில்லை. ஒரு மாமியார் தன் மூச்சிழுப்பை மருமகளுக்குக் கொடுத்துப் பார்த்தாள், மருமகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். போகிற வலி வெள்ளத்தாயினுடையது ஒன்றுதான். அது அவளுடைய பெருமைகளில் இன்னொன்றாகச் சேர்ந்துகொண்டது.

மறுநாள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் தெருக்குழாயடியிலேயே பெண்கள் பேசி முடித்துவிட்டார்கள். ஒரு தளத்தை ஒருத்தியால் தூக்க முடியாது; பத்துப் பேர் வரிசையில் நின்றால் அது பஞ்சு. வலி மட்டும் வேறா? வெள்ளத்தாயைத் தவிர ஆளுக்கு ஒரு நாள். தீட்டு நாளில் இருப்பவளுக்கு விலக்கு, கைப்பிள்ளைக்காரிக்கு அரை நாள், ஞாயிற்றுக்கிழமை ஆண்களுக்கு. "பத்துப் பேரு இருக்கோம், அப்புறம் எதுக்குக் கத்தி?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள். வெள்ளத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டைத் தூக்கி, தகரப்பெட்டிக்குப் பின்னால் போட்டாள்.

அப்படியாக அந்தத் தெரு அந்த வலியோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டது. காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்னைக்கு யாருட்ட இருக்கு?" என்று கேட்டார்கள். டவுன் பஸ் கண்டக்டர் ஏறும்போதே அதைக் கேட்டு, அன்றைக்கு வைத்திருப்பவளுக்கு முன் சீட்டை ஒழித்துக் கொடுத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் மாத்திரைச் சீட்டில் வெள்ளத்தாய் என்ற பேரை அடித்துவிட்டு, கரட்டுமேடு என்று எழுதினாள். டீக்கடை பெஞ்சில் அதுவரை ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை. இப்போது வலிக்காரி வந்தால் ஆண்கள் எழுந்து இடம் விட்டார்கள், வலி இல்லாதவளும் அவளுக்குத் துணையாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள், பத்தே நாளில் அந்தப் பெஞ்சில் ஆண்களுக்கு இடமில்லாமல் போயிற்று.

ஒவ்வொருத்திக்கும் தன் முறை வந்த நாளில்தான் தன் வீடு எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று தெரிந்தது. அடுப்பு தரையில், அம்மி தரையில், தண்ணீர்க் குடம் தரையில், துவைக்கிற கல் தரையில். பெண் தொடவேண்டிய பொருள் ஒவ்வொன்றையும் யாரோ பார்த்துப் பார்த்து முழங்காலுக்குக் கீழே வைத்திருந்தார்கள். "கட்டுறது பூரா நீங்கதானய்யா, ஊரான் வீட்டுக்கெல்லாம் இடுப்பு உசரத்துக்கு மேடை கட்டுறீங்க, நம்ம வீட்டுல மட்டும் ஏன் குனிய வெச்சீங்க?" என்று ஜெசிந்தா தன் முறை நாளில் தெருவில் நின்று கேட்டாள். அடுத்த வாரமே தெருவில் இருந்த கொத்தனார்கள் தங்கள் சொந்த வீட்டில் பூச்சுக் கரண்டியை எடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அங்கே ஒரு அடுப்பும் தரையில் இல்லை. குழாயடிக்கும் ஒரு மேடை எழும்பியது.

ஞாயிற்றுக்கிழமைகள் அவ்வளவு லேசாக நடக்கவில்லை. ஒருவனுக்குக் குடலிறக்கம் இருந்தது, ஒருவன் கோயிலுக்கு மாலை போட்டிருந்தான், ஒருவனுக்குத் திடீரென்று சொந்த ஊரில் துக்கம். மூன்றாவது ஞாயிறு வெள்ளத்தாயே போய்ச் செல்லப்பாண்டிக்கு முன்னால் நின்றாள். அவன் வாங்கிக்கொண்டான், அதை மறைப்பானேன். அரை நாள் வைத்திருந்தான். முதலில் வெந்நீர் கேட்டான், பிறகு தலையணை கேட்டான், பிறகு ஒன்றும் கேட்காமல் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"இதோடயா நாலு வருசம் பாண்டு தூக்கின?" என்றான்.

"சோறும் ஆக்குனேன்."

"நானா இருந்தா அன்னைக்கே ஆப்பரேசன் பண்ணிருப்பேன்."

"நீயா இருந்தா ஊரே சேந்து பண்ணி வெச்சிருக்கும்" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து 'வீட்டு வேலைன்னா இடுப்பு வந்துரும்' என்ற பழைய பேச்சு வந்ததில்லை.

வெள்ளத்தாய்க்கு அது இரண்டாவது இளமை. குப்புறப் படுத்துத் தூங்கினாள். செருப்பின் வாரைக் குனிந்து மாட்டினாள். ஒன்றரைப் பாண்டு தூக்கியவள் இப்போது இரண்டு தூக்கினாள். ஒரு நாளைக்கு இரண்டு ஆள் வேலை ஆகிறது என்று மேஸ்திரி வாயெல்லாம் பல்லாகத் திரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "தேதி குடுத்து வரலியேம்மா, வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். "எனக்கு இல்லங்க, இன்னைக்கு பஞ்சவர்ணத்துட்ட இருக்கு" என்றாள். அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்து, "சரி, எந்த வியாழக்கிழமையும் வரலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வரிசையாக நடந்து வரும்போது, அன்றைக்கு வலிக்காரியாக இருந்ததால் கடைசியில் நண்டுபோல வந்துகொண்டிருந்த ஜெசிந்தா, "யக்கா, இன்னொரு செருப்பு எங்க?" என்றாள்.

வெள்ளத்தாய் குனிந்து பார்த்தாள். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்காலாக இருந்தது. ஜல்லி ரோட்டில் கால் மைலாவது அப்படித்தான் வந்திருக்கிறாள், தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். "ரெண்டு பாண்டு தூக்குற மகராசிக்குச் செருப்பு எதுக்கு" என்றாள் பஞ்சவர்ணம். அடுத்த வாரம் மறுபடி கழன்றது. அதற்கடுத்த வாரம் வாரைக் கயிறு போட்டுக் கட்டினாள். இடது கால் கட்டைவிரல் மரக்கட்டை மாதிரி இருந்தது, ஆனால் வலிக்கவில்லை. வலிக்காததைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் இரண்டாவது மாடிப் படியில், தலையில் இரண்டு பாண்டு செங்கலோடு, இடது பாதம் மேலே எழவில்லை. எழுந்ததாகத்தான் அவள் நினைத்தாள். படி முனையில் தட்டி, செங்கல் பூராவும் கீழே சரிந்து, வெள்ளத்தாய் கைப்பிடிச் சுவரை அணைத்துக்கொண்டு நின்றாள். கீழே யாரும் இல்லாதது யார் செய்த புண்ணியமோ. ஜெசிந்தா ஓடி வந்து, அவளைப் படியில் உட்காரவைத்து, "பாதத்தத் தூக்குக்கா" என்றாள். வெள்ளத்தாய் தூக்கினாள். பாதம், தண்ணீர் காணாத செடியின் இலைபோலத் தொங்கியது தொங்கியபடியே இருந்தது.

"டாக்டரு சொன்னது இதத்தான்" என்றாள் வெள்ளத்தாய்.

ஜெசிந்தாதான், வேறு யார், அதைச் சொன்னாள்: "நாம வலியத்தான் வாங்குனோம்க்கா. நோவு ஒன்கிட்டயேதான் இருந்திருக்கு."

பத்துப் பேரும் கீழே இறங்கி மணல் குவியலில் உட்கார்ந்து ஆளாளுக்கு யோசித்துப் பார்த்தபோது தெரிந்தது. வலி வளர்ந்திருக்கிறது. முதலில் கெண்டைக்காலோடு நின்றது, அப்புறம் கணுக்காலுக்கு இறங்கியது, இப்போது பெருவிரல் வரைக்கும் போகிறது. நாலு வருஷம் அதை ஒருத்தியே வைத்திருந்தபோது நேற்றைக்கும் இன்றைக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரிந்தது. பத்து நாளுக்கு ஒருமுறை ஒருநாள் விருந்தாளியாக வந்துபோவதை, போன தடவையைவிட இந்தத் தடவை பெருத்திருக்கிறதா என்று யார் அளந்து பார்த்தார்கள்? பாரத்தை வரிசையில் நின்று பிரித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியாத பெண்கள், பாரம் இல்லாத ஒன்றையும் அப்படியே பிரித்துக்கொண்டார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்கிறவன் ஒருநாள் வந்து வரிசையில் நின்றுவிட்டுச் சொல்லட்டும்.

"இன்னைக்கு யாருட்ட இருக்கு?" என்று கேட்டாள் வெள்ளத்தாய்.

"எங்கிட்ட" என்றாள் பஞ்சவர்ணம்.

"கொண்டா."

பஞ்சவர்ணம் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "மாட்டேன்."

"ஏத்தா, வெளையாடாத."

"நான் இந்தான்னு சொன்னாத்தான அது வரும்? சொல்ல மாட்டேன். சொன்னா நீ நேரா கத்திக்குப் போயிருவ. எங்க வீட்டு ஜன்னல நீ வெளிய இருந்து பாத்துருக்க, நான் உள்ள இருந்து பாத்தவ."

"மதினி, ஒங்கண்ணன் மூணாவது மாடில இருந்து விழுந்தவரு" என்றாள் ஜெசிந்தா. "அவரு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே காலு ரெண்டும் போச்சு. படுக்க வெச்சது சாரம், கத்தி இல்ல."

"ஒனக்கு வாய் இருக்கு, நீ பேசுவ" என்று சொல்லிவிட்டு, பஞ்சவர்ணம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மூன்று நாள் அவள் அதை யாருக்கும் தரவில்லை. முறைக்காரி வந்து கை நீட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. அந்த வலியோடு வேலைக்குப் போனாள், அந்த வலியோடு அண்ணனைப் புரட்டிப் போட்டு உடம்பு துடைத்தாள், அந்த வலியோடு தண்ணீர் பிடித்தாள். தெரு அவளோடு சண்டை போட்டது, கெஞ்சியது, மேஸ்திரியை அனுப்பிப் பார்த்தது. மேஸ்திரி, "அவ வெச்சிருக்கது நல்லதுதான, வெள்ளத்தாயி வேலைக்கு வரட்டும்" என்றார். அவரை ஜெசிந்தா தெருமுனை வரைக்கும் வழியனுப்பி வைத்த விதத்தில், கட்டிக்கொண்டு வந்த வேட்டியோடு வீடு போய்ச் சேர்ந்தது அவர் அதிர்ஷ்டம்.

மூன்றாம் நாள், வேலை இல்லாத மத்தியானத்தில், வெள்ளத்தாய் காலை இழுத்து இழுத்து நடந்து பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குள் போய், புதிதாகக் கட்டிய அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாள். உள்ளே கட்டிலில் அண்ணன் சுவர்ப் பக்கமாகப் படுத்திருந்தான்.

"பஞ்சு, நீ அத வாங்கிக்கிட்டது அன்பு. திருப்பித் தராம வெச்சிருந்தா அதுக்கு வேற பேரு."

"என்ன பேரா இருந்தாலும் இருக்கட்டும்" என்றாள் பஞ்சவர்ணம். மூன்று நாளில் அவள் முகம் கறுத்திருந்தது. "நீ நடந்து போறத நான் பாத்துக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

"இப்ப நான் நடந்தா வந்தேன்? நீயே பாத்தீல்ல, வாசப்படில காலு தட்டுச்சு, எனக்குத் தெரியல. ஒடம்புல இருந்து எனக்குச் சேதி சொல்லிக்கிட்டிருந்தது அது ஒண்ணுதான். நீங்க ஒம்பது பேரும் சேந்து அது வாயப் பொத்திட்டீங்க. நானுந்தான் பொத்தச் சொன்னேன், ஒங்கள மட்டும் சொல்லல."

"படுக்கைல விழுந்துட்டா?"

"விழுந்தா நீ வந்து சோறு ஊட்டு. வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா விழலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது நீ இல்ல, எம்புருசன் இல்ல, தெரு இல்ல. இருபத்து மூணு வருசம் எத்தன படி ஏறணும்னு அடுத்தவன் சொன்னான், ஏறுனேன். இத நான் சொல்றேன்."

கட்டிலிலிருந்து அண்ணன் பேசினான். அவன் பேசி மாசக்கணக்காகியிருந்தது. "குடுத்துரு தங்கச்சி" என்றான். "என்னைய யாரும் ஒரு வார்த்த கேக்கல. அவளயாச்சும் கேக்கட்டும்."

பஞ்சவர்ணம் போய் அண்ணனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து, இரண்டையும் நீட்டி, "இந்தா" என்றாள்.

"கொண்டா" என்றாள் வெள்ளத்தாய்.

வந்தது. மூன்று மாதம் ஊர் சுற்றிய பிள்ளை வளர்ந்து வந்து வாசலில் நிற்பதைப்போல, அடையாளம் தெரிந்தும் தெரியாமலும் வந்தது. இடுப்பில் ஏறி, தொடையில் இறங்கி, கணுக்காலைச் சுற்றி, எங்கே மரத்துப்போயிருக்கிறதோ அந்த எல்லை வரைக்கும் போய் நின்றது. வெள்ளத்தாய்க்கு மூச்சு அடைத்தது. ஆனால் எது எங்கே இருக்கிறதென்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. யாரையும் பிடிக்காமல் வீட்டுக்குப் போனாள், போய் தகரப்பெட்டியை நகர்த்தி, ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டை எடுத்தாள்.

வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு அவளோடு ஒன்பது பெண்களும் செல்லப்பாண்டியும் போனார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான் என்று வாட்ச்மேன் மறித்தார். "ஒரு வலிக்குப் பத்து ஆளு, எல்லாரும் வெச்சிருந்தவங்கதான், வேணும்னா கேட்டுப் பாருங்க, எங்க வலிக்கும்னு ஒண்ணுபோல சொல்லுவோம்" என்று ஜெசிந்தா ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டார்.

டாக்டரம்மா பாதத்தைப் பிடித்து, "என் கையத் தள்ளுங்க" என்றாள். தள்ள முடியவில்லை. "எத்தன நாளாம்மா இப்படி?"

"மூணு வாரம் இருக்கும். அப்ப வலி எங்கிட்ட இல்லீங்க."

"யார்கிட்ட இருந்துச்சு?"

"வரிசையா எல்லாருட்டயும்."

டாக்டரம்மா வாசலில் நெருக்கியடித்து நின்ற ஒன்பது முகங்களையும் பார்த்தாள். "அதான் தள்ளிப் போயிருச்சு" என்று எழுதிக்கொண்டே சொன்னாள். "இனி தள்ள வேண்டாம். நரம்புக்கு இடம் பண்ணிக் குடுத்தா கால் பலம் திரும்பும்னு நெனைக்கிறேன். உறுதியாச் சொல்ல மாட்டேன். வலி பாதிக்கு மேல குறையும்."

"பண்ணாட்டி?"

"பாதம் இப்படியே நின்னுரலாம்."

"பாண்டு?"

"பண்ணுனாலும் இல்ல, பண்ணாட்டியும் இல்ல."

வெள்ளத்தாய் தொங்கிய பாதத்தைக் கையால் தூக்கிப் பார்த்தாள். "அந்தப் பள்ளிக்கூடந்தான் கடைசின்னு தெரிஞ்சிருந்தா செங்கல ஒழுங்கா மேல கொண்டுபோய் வெச்சிருப்பேன்" என்றாள். பிறகு, "பண்ணுங்க" என்றாள்.

வராந்தாவில் செல்லப்பாண்டி மெதுவாகக் கேட்டான், "இதுக்கப்புறம் என்ன செய்வ?"

"பூச்சுக் கரண்டி புடிப்பேன். நீ பூசுனத இருபத்து மூணு வருசமா கீழ இருந்து பாத்துருக்கேன். எங்கெங்க கோணல்னு ஒனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

அவன் தலையைச் சொறிந்தான். "மண்டபத்துல படிக்கட்டுச் சொவரு கொஞ்சம் கோணல்தான்" என்று ஒத்துக்கொண்டான்.

ஆப்பரேசனுக்கு முந்தின சாயங்காலம் வார்டுக்கு வந்த பெண்கள், கத்தி வைக்கிற நேரத்துக்கு மட்டுமாவது வலியைத் தங்களிடம் கொடுக்கச் சொன்னார்கள். கைகள் ஒன்பது ஜோடியும் கட்டிலைச் சுற்றி நீண்டு நின்றன, முதலில் நீண்டது பஞ்சவர்ணத்தின் கை. வெள்ளத்தாய் அந்தக் கைகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். காய்ப்பு ஏறிய, சிமெண்ட் தின்ற, நகம் தேய்ந்த கைகள். அந்த நகரத்தில் எவனுக்கும் இப்படி ஒரு காவல் இருந்ததில்லை என்று அவளுக்கு நெஞ்சு விம்மியது. "வேண்டாம்த்தா" என்றாள். "அவுக கத்தியோட உள்ள போய்த் தேடும்போது அது அங்க இருக்கட்டும்."

வார்டு சிஸ்டர் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். கட்டிலில் இருப்பவளைத் தாண்டிச் செல்லப்பாண்டியிடம் நீட்டி, "சம்மதக் கையெழுத்து, வீட்டுக்காரர் போடுங்க" என்றாள். அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றினான். பிறகு, அரை நாள் கூரையைப் பார்த்துக் கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்ததோ என்னவோ, மூடியை மாட்டாமலே பேனாவை வெள்ளத்தாய் பக்கம் நீட்டினான்.

"எல்லாரும் வீட்டுக்காரர்தாம்மா போடுவாங்க" என்றாள் சிஸ்டர்.

"வீட்டுக்காரருக்கா முதுகு கிழியப் போகுது?" என்று கேட்டுவிட்டு, வெள்ளத்தாய் தாளை முழங்காலில் வைத்து முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், மெதுவாகத்தான் வாசித்தாள், சிஸ்டர் இரண்டு தரம் கடிகாரம் பார்த்தாள், அவள் இரண்டு தரமும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மயக்கம் தெளியாமல் போகலாம் என்ற இடத்தை ஒருமுறைக்கு இருமுறை வாசித்தாள். கீழே தன் பேரை எழுதினாள், ஒரு எழுத்தும் கோணாமல். அதற்குப் பக்கத்தில், நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'நானே' என்று எழுதினாள்.

சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். "அந்த இடத்துல சொந்தக்காரங்க மொறையத்தாம்மா எழுதணும்."

"அதத்தாம்மா எழுதிருக்கேன்" என்றாள் வெள்ளத்தாய். "இவளுக்கு இதவிட நெருங்கின சொந்தம் யாரு இருக்கா?"